நம்பிக்கையா? நற்செயலா? – ஒரு மாணவியின் வினா



பள்ளி வேலைகளுக்கிடையே நெடுநாளாக எழுத எண்ணி, ஒத்திப்போட்டுக் கொண்டே வந்த ஒன்றை இன்று எழுதத் துணிந்துள்ளேன். இது சமயம் தொடர்பானது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சமயத்தைப் பற்றிப் பேசத் தயங்குவது இயல்பே. நம் வகுப்பறைகளில் இந்துப் பிள்ளைகள் பெரும்பான்மையினர். கிறித்துவப் பிள்ளைகள் சிலர். ஒரே வீட்டில் இரு சமயத்தவரும் வாழும் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளும் உண்டு. யார் மனமும் நோகக்கூடாதே என்ற அச்சத்தில் நாம் வாய்மூடி இருந்துவிடுகிறோம். ஆனால், நாம் பேசாத இடத்தில் வேறு யாரோ பேசிவிடுகிறார்கள். அதன் சுமையைப் பிள்ளைகள் தூக்கித் திரிகிறார்கள். ஆகவேதான் எழுதுகிறேன். நான் கிறித்துவச் சீர்திருத்தச் சபை ஒன்றைச் சேர்ந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை என்று கருதுகிறேன்.

குன்றின்மேல் கேட்ட கேள்வி

ஒருமுறை எங்கள் தோட்டப்புறப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை மலாக்கா நகருக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். செயின்ட் பால் குன்றின் படிகளில் மூச்சு வாங்க ஏறி, கூரையில்லாத அந்தப் பழைய தேவாலயத்தினுள் நின்றோம். சுவரோரம் சாய்த்து நிறுத்தப்பட்டுள்ள டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்களைப் பிள்ளைகள் தடவிப் பார்த்தனர். வெளியே, வலக்கை இழந்து நிற்கும் புனித பிரான்சிஸ் சவேரியாரின் சிலை. அவர் 1552-இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்ததையும், 1553-இல் சில மாதங்கள் அவருடல் இத்தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்ததையும், பின்னர் அது கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டதையும் விளக்கிக் கொண்டிருந்தேன்.

அப்பொழுது ஒரு மாணவி என் அருகில் வந்தாள். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவளுடைய பாட்டி இறந்திருந்தார்.

“இவரு ரொம்ப நல்லவரா டீச்சர்?”

“ஆமாம்மா. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.”

“அப்ப சொர்க்கத்துக்குப் போயிருப்பாரு, இல்லையா டீச்சர்?”

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். “எங்க பாட்டியும் ரொம்ப நல்லவங்க டீச்சர். ஆனா அவங்க போக மாட்டாங்களாம். நல்லது செஞ்சா மட்டும் பத்தாதாம். நம்பியிருக்கணுமாம். நெசமா டீச்சர்?”

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. “பிறகு பேசுவோம்” என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். உண்மையில் என்னிடம் அப்பொழுது விடை ஆயத்தமாக இல்லை. ஏனெனில், அது என்னுடைய கேள்வியும்கூட.

என் அப்பாயி

ஜாசின் வட்டாரத்திலுள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பிறந்து வளர்ந்தேன். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்வெட்டி, ஒட்டுப்பால் பொறுக்கி, எங்களை வளர்த்தவர் என் தந்தையின் தாயார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது என் பெற்றோர் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்துவராயினர். அப்பாயி மட்டும் இறுதிவரை மாரியம்மனையும் முனியாண்டியையுமே கும்பிட்டு வந்தார். அதற்காக எங்களோடு ஒருநாளும் சண்டையிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் தலையைப் பின்னி, கோயிலுக்குப் போகும் வேன் வரும்வரை வாசலில் காத்திருந்து ஏற்றிவிடுவார்.

அவர் பெரிய தானதருமம் செய்தவரல்லர். செய்வதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. ஆனால், லயத்தில் யார் வீட்டில் உலை கொதிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பத்தியச் சோறு போகும். புதிதாய் வேலைக்கு வந்த இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் காய்ச்சலில் கிடந்தபோது, மொழி தெரியாமலே மூன்று நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் அவர்.

1998-இல் அப்பாயி காலமானார். துக்கம் விசாரிக்க வந்திருந்த பெரியவர் ஒருவர், என் அப்பாவிடம் ஆறுதலாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு சொன்னார்: “நல்ல மனுஷிதான். என்ன செய்றது? கிரியையினாலே இரட்சிப்பு இல்லையே.” அப்பா ஒன்றும் பேசவில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணாக நான் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சொற்கள் இன்றும் என் காதில் இருக்கின்றன. அவர் சொன்னது வேதத்தில் இல்லாததன்று. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

ஆகவே, அவர் பயன்படுத்திய அந்தக் கோட்பாடு உண்மையில் என்ன சொல்கிறது, எதற்காகப் பிறந்தது என்பதைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. நான் கற்றதை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

கோட்பாடு பிறந்த கதை

மனிதன் தன் நற்செயல்களால் இறைவன் முன் நீதிமான் ஆவதில்லை. இறைவன் இலவசமாய்த் தரும் அருளை நம்பிக்கையால் ஏற்றுக்கொண்டே மீட்படைகிறான். உரோமையர், எபேசியர் முதலிய திருமுகங்களில் தூய பவுல் வலியுறுத்துவது இதுதான். இதற்கு அவர் கூறும் காரணத்தை நாம் கவனிக்க வேண்டும். எவரும் பெருமை பாராட்டக் கூடாது என்பதற்காகவே இப்படி என்கிறார் (எபேசியர் 2:9). இந்த ஒரு காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவேன்.

16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூத்தர் இதைப் புதிதாய்க் கண்டெடுத்தார். எவ்வளவு நோன்பிருந்தும், எவ்வளவு செபித்தும், “இது போதுமா?” என்ற அச்சம் தீராமல் தவித்தவர் அவர். அதே காலத்தில் உரோமையில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்காகப் பாவத்தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. இறந்துபோன தாய் தந்தையரின் ஆன்மா துன்பத்திலிருந்து விடுபடும் என்று நம்பி, ஏழைகள் தம் கைக்காசைக் கொடுத்தனர். 1517-இல் லூத்தர் இதனை எதிர்த்து 95 கூற்றுகளை வெளியிட்டார். இறைவனின் அருள் விற்பனைக்கன்று; காசுள்ளவனுக்கு ஒரு நீதி, காசற்றவனுக்கு ஒரு நீதி அங்கே இல்லை என்பது அவர் எழுப்பிய குரலின் சாரம்.

ஆக, ‘நம்பிக்கையினால் மட்டுமே’ என்னும் கோட்பாடு, இறந்துபோன பெற்றோரை நினைத்து நடுங்கிக் கொண்டிருந்த ஏழைகளின் அச்சத்தைப் போக்கும் மருந்தாக வந்தது. அதைக் கொண்டே இறந்துபோன பாட்டியை நினைத்து ஒரு குழந்தையை நடுங்க வைப்பது எவ்வளவு பெரிய முரண்!

மறுபக்கமும் உண்டு. செயலில்லாத நம்பிக்கை செத்தது என்று தூய யாக்கோபின் திருமுகம் (இரண்டாம் அதிகாரம்) கூறுகிறது. லூத்தருக்கு இத்திருமுகம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1522-இல் வெளியிட்ட தம் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் அதை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து நகரில் சங்கத்தைக் கூட்டி, 1547 ஜனவரி 13-ஆம் நாள் தன் முடிவை வெளியிட்டது. தொடக்கம் முழுவதும் இறையருளே. ஆயினும் அவ்வருளோடு மனிதன் ஒத்துழைத்து நற்செயலில் வளர வேண்டும் என்பது அதன் சாரம்.

மலாக்காவில் அந்தச் சண்டை

இந்தச் சண்டை ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. நம் மலாக்காவின் குன்றிலும் அதன் தடம் இருக்கிறது. திரெந்து சங்கம் 1545 டிசம்பர் 13-இல் தொடங்கியபோது, சவேரியார் மலாக்காவில் இருந்தார். அதற்கு முன்பு தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவ மக்களிடையே பணியாற்றி, செபங்களைத் தமிழில் பெயர்த்து மனனம் செய்து சொல்லிக் கொடுத்தவர் அவர்.

1641-இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்கள் கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபையினர். குன்றின்மேலிருந்த கத்தோலிக்க ஆலயம் அவர்களுடைய ஆலயமாயிற்று. கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபட முடியாத நிலை வந்தது. 1710-இல்தான் அவர்களுக்குப் புனித பேதுரு ஆலயம் எழுந்தது. 1753-இல் டச்சுக்காரர்கள் குன்றின் அடிவாரத்தில் கிறைஸ்ட் சர்ச்சைக் கட்டி முடித்தபின், மேலேயிருந்த பழைய ஆலயம் இடுகாடாயிற்று. ஒரே சுவர்; ஒரே பீடம்; ஒரே கிறித்து. ஒருவர் மற்றவரை ‘மீட்பிழந்தவர்’ என்று எண்ணினர். இன்று இருவருமே கல்லாய்க் கிடக்கிறார்கள். பிள்ளைகள் அக்கற்களின்மேல் கைவைத்துப் புகைப்படம் எடுத்துக் கொள்கிறார்கள்.

இந்தச் சண்டை பின்னர் என்னவாயிற்று என்பது நம் மக்களில் பலருக்குத் தெரிவதில்லை. 1999 அக்டோபர் 31-ஆம் நாள், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இப்பொருள்பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம்முடைய தகுதியால் அன்று, இறையருளால் மட்டுமே, நம்பிக்கையின் வழி நாம் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம். அவ்வாறு ஏற்கப்பட்டவரின் வாழ்வில் நற்செயல்கள் கனியாக விளைகின்றன என்று இரு தரப்பாரும் ஒருசேர அறிக்கையிட்டனர். 2006-இல் மெதடிஸ்டுகளும், 2016-இல் ஆங்கிலிக்கன் அவையினரும், 2017-இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் இதனோடு இணைந்தனர். எல்லாச் சபைகளும் இதை ஏற்கவில்லை. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவும் இல்லை. எனினும், ஏறக்குறைய 480 ஆண்டுகள் பிரிந்து நின்றவர்கள் ‘வேர் அருள், கனி செயல்’ என்ற இடத்தில் சந்தித்துக் கொண்டது சிறிய செய்தியன்று.

கொன்றை வேந்தனைப் பெயர்த்த லூத்தரன்

இனி, ஆசிரியர்களுக்குப் பிடித்தமான ஒரு செய்தி. 1706 ஜூலையில் பர்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் இளம் லூத்தரன் குரு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். ‘கிரியையினால் அன்று, விசுவாசத்தினாலே’ என்பதைத் தமிழில் போதித்தவர் அவர். அவர் என்ன செய்தார்? மணலில் எழுதித் தமிழ் கற்றார். பள்ளிகள் திறந்தார்; பெண்பிள்ளைகளுக்கும் கல்விக்கு வழி செய்தார். அச்சுக்கூடம் அமைத்தார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. அதற்கு முன்பே, 1708-இல், நம்முடைய கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மன் மொழிக்குப் பெயர்த்துவிட்டார்!

நம் மாணவர்கள் செய்யுளும் மொழியணியும் பகுதியில் ஒப்புவிக்கும் அதே கொன்றை வேந்தன்தான்; அதே உலகநீதிதான். நற்செயலால் மீட்பில்லை என்று நம்பிய ஒருவர், ஒளவையாரின் அறவுரைகளைத் தூக்கி எறியவில்லை. உட்கார்ந்து படித்தார், தம் நாட்டாரும் படிக்க வேண்டும் என்று பெயர்த்தார். விசுவாசத்தின் பெயரால் பிறருடைய நற்பண்பைச் சிறுமைப்படுத்த வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்த தமிழ் லூத்தரன்கள் இந்த மரபின் பிள்ளைகளே.

அதே தமிழ்க் கிறித்துவ வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய பக்கமும் இருக்கிறது. அதையும் மறைக்கலாகாது. அருளால் மட்டுமே அனைவரும் ஏற்கப்படுகிறோம் என்று பாடிக்கொண்டே, ஆலயத்தினுள் சாதிவாரியாக அமர்ந்தவர்கள் நம் முன்னோர். 1833-இல் ஆயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையைக் கைவிட வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. கத்தோலிக்கர் மட்டும் தப்பவில்லை; வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது.

யாக்கோபின் திருமுகத்தில் அந்த இரண்டாம் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? பொன்மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல இருக்கையும், கந்தல் உடுத்தி வருபவனுக்குக் காலடியில் தரையும் காட்டுகிற சபையைக் கண்டித்துத்தான் தொடங்குகிறது. அதன் பிறகே ‘செயலற்ற நம்பிக்கை செத்தது’ என்ற பேச்சு வருகிறது. இருக்கையில் வேற்றுமை காட்டும் நம்பிக்கை, வாயளவு நம்பிக்கை என்பதே அவருடைய வாதம். நம் தமிழ்ச் சபைகளை நேரில் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது!

குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

இந்து அன்பர்களுக்கு இந்த விவாதம் புதிதன்று. தமிழ் வைணவத்தில் இதே வினா வேறு வடிவில் எழுந்தது. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாயே அதைக் கவ்விச் செல்கிறது. இறைவனை அடைய ஆன்மா தன் பங்கிற்குச் சிறிதேனும் முயல வேண்டும் என்பார் வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார். பிள்ளை லோகாசாரியார் வழிவந்த தென்கலையாரோ, எல்லாம் அவன் அருளே என்பர். ஆனால் இரு சாராருமே, காப்பது தாய்தான் என்பதில் ஒன்றுபட்டனர். எந்தக் குட்டியும் அடுத்த குட்டியைப் பார்த்து, “உன்னைத் தாய் விட்டுவிடுவாள்” என்று சொல்வதில்லை.

என் கருத்து

இப்பொழுது என் கருத்துக்கு வருகிறேன். எவரும் பெருமை பாராட்டக் கூடாது என்பதே இக்கோட்பாட்டின் நோக்கம் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? இன்று நம்மிடையே சிலர் இக்கோட்பாட்டை எப்படிக் கையாள்கிறார்கள்? “நான் நம்பினேன், ஆகவே தப்பினேன். நீ நம்பவில்லை, ஆகவே தவறினாய்” என்கிறார்கள். இங்கே நம்பிக்கை என்பது என்னவாயிற்று? நான் செய்த ஒரு சாதனை ஆகிவிட்டது! பிறரைவிட என்னை உயர்த்திக் காட்டும் ஒரு சான்றிதழ் ஆகிவிட்டது. அதாவது, நம்பிக்கையையே ஒரு கிரியையாக மாற்றிவிட்டோம். அன்று காசு கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். இன்று வாயால் அறிக்கையிட்டுச் சீட்டு வாங்கியதாக எண்ணுகிறோம். வேறுபாடு சிறிதே.

உண்மையாகவே அருளால் மட்டும் மீட்கப்பட்டேன் என்று நம்புகிற ஒருவர், பிறருடைய நற்செயலைக் கண்டால் மகிழத்தான் வேண்டும். ஒருவருக்குத் தீர்ப்பு வழங்க நாக்கு எழுந்தால் நடுங்கத்தான் வேண்டும். கொடை கொடுப்பவனுடையது என்றால், யாருக்குக் கொடுப்பது என்பதும் அவனுடையதே. வாங்கியவன் வாசலில் நின்றுகொண்டு மற்றவரை விரட்டக் கூடாது.

சிலர் கேட்கலாம்: “அப்படியானால் எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்கிறீர்களா?” இல்லை. கிறித்துவே மீட்பர் என்பது என் நம்பிக்கை. அதை நான் மறைக்கவில்லை. கிறித்துவை அறியாதவர்களின் நிலைபற்றிச் சபைகளிடையே ஒத்த கருத்தில்லை. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான மனத்தோடு இறைவனைத் தேடுவோரும் மீட்படையக்கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 1964-இல் அறிவித்தது. சீர்திருத்தச் சபைகளில் பலர் இதை ஏற்பதில்லை. என் சபையிலும் ஏற்காதவர் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால், மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை அவர்களும் என்னோடு சேர்ந்து படிக்க வேண்டும். பசித்தவனுக்கு உணவும், அந்நியனுக்கு இடமும், நோயாளிக்குத் துணையும் தந்தவர்கள், தாங்கள் யாருக்குச் செய்தோம் என்றே தெரியாமல் செய்திருந்தார்கள். அரசன் சொன்னபோதுதான் வியந்தார்கள். அங்கே வியப்படைபவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள். இறுதி நாள் நமக்கும் வியப்பாக இருக்கக்கூடும் என்ற பணிவு வேண்டாமா?

வேறு சிலர் எதிர்த்திசையிலிருந்து கேட்பார்கள்: “நம்பினால் போதும் என்றால், ஊரை ஏய்த்தவன் கடைசி நேரத்தில் நம்பித் தப்பிக்கலாமே?” நியாயமான கேள்வி. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு இறுதி நொடியில் இடம் கிடைத்தது உண்மை. ஆனால், அதை முன்கூட்டியே திட்டமிடுகிறவனிடம் இருப்பது நம்பிக்கையன்று, கணக்கு. இட்லரை எதிர்த்து 1945-இல் தூக்கிலிடப்பட்ட லூத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோபர், 1937-இலேயே இதற்கு ‘மலிவான கிருபை’ என்று பெயரிட்டுக் கண்டித்தார். மனமாற்றமில்லாத மன்னிப்பை நாமே நமக்கு வழங்கிக் கொள்வதுதான் அது என்றார்.

வகுப்பறைக்கு இதில் என்ன வேலை?

ஆசிரியர்களே, பெற்றோர்களே, இது தேவாலயத்தோடு முடிந்துவிடுவதன்று. கேஎஸ்எஸ்ஆர் பாடத்திட்டத்தில் நாம் கற்பிக்கும் நன்னெறிக்கல்வியில் 14 நெறிகள் உள்ளன. முதல் நெறி, இறைவன்மீது நம்பிக்கை, இரண்டாவது, நன்மனம். வரிசையைப் பாருங்கள்! நம்பிக்கையும் நற்செயலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றை ஒன்று தள்ளவில்லை.

ஆயினும், நம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளையை நாம் ஏற்றுக்கொள்வது அவன் பெற்ற புள்ளியைப் பொறுத்தே இருக்கிறது. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. ஆனால், ‘7ஏ, 8ஏ’ என்று பிள்ளையை அளந்த மனப்பான்மை அகலவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் கணிதத் தாளைச் செம்பனைத் தூரில் ஒளித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நின்றான். “ஏன் அய்யா?” என்று கேட்டதற்கு, “இந்த மார்க்கோட போனா நான் அவங்க பிள்ளை இல்லையாம் டீச்சர்” என்றான். அவன் தந்தை கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தை அது. பிள்ளையோ அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டான்.

லூத்தரை வாட்டிய அச்சமும் இதுதானே? ‘போதுமான அளவு செய்தால்தான் நான் பிள்ளை’ என்ற அச்சம். நற்செய்தி இதைத் தலைகீழாக்குகிறது: நீ பிள்ளை, ஆகவே செய். முதலில் ஏற்பு, பிறகே உழைப்பு. இது சோம்பலுக்கு உரிமம் அன்று. அன்பு செய்யப்பட்ட பிள்ளை நன்றாக உழைக்கும் என்பதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் கண்டு வருகிறேன். அச்சத்தில் படித்த பிள்ளை தேர்வு முடிந்த அன்றே நூலை மூடிவிடும்.

அதேபோல், ஞாயிறு பள்ளியில் கற்பிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நம்பிக்கையைத் தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள். ஆனால், இறந்தவர்மீதான தீர்ப்பைப் பத்து வயதுக் குழந்தையின் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அந்த வீட்டில் அவளுடைய தந்தை, தம் தாயின் படத்துக்கு விளக்கேற்றிக் கொண்டிருப்பார். ஒரே கூரையின்கீழ் வடக்கன்குளத்துச் சுவரை நாம் எழுப்பலாமா?

அவளுக்குச் சொன்ன விடை

மறுநாள் ஓய்வு நேரத்தில் அம்மாணவியை அழைத்து என் பக்கத்தில் அமர வைத்துக்கொண்டேன். அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்:

“உன் பாட்டி எங்கே இருக்கிறார் என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லையம்மா. உன்னிடம் அப்படிச் சொன்னவர்களுக்கும் இல்லை. அது கடவுளுடைய வேலை. உன் பாட்டியை உனக்கு எவ்வளவு தெரியுமோ, அதைவிட அதிகமாகக் கடவுளுக்குத் தெரியும். நீ அவரை நேசிப்பதைவிட அதிகமாகக் கடவுள் நேசிக்கிறார். அவர் நல்லவர் என்று நீ நம்புகிறாய் அல்லவா? அப்படியானால், உன் பாட்டியை அவரிடம் நம்பி விட்டுவிடு.”

அவள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, “அப்ப நான் பாட்டிய நெனச்சு அழலாமா டீச்சர்?” என்று கேட்டாள். அதுவரை அழுவதுகூடத் தவறு என்று எண்ணியிருக்கிறாள் போலும்! அழலாம் என்றேன். என் மடியில் முகம் புதைத்து அழுதாள்.

அப்பாயிக்காக 1998-இல் நான் அழாமல் அடக்கி வைத்திருந்ததும் அன்றுதான் நினைவுக்கு வந்தது. ‘நம்பி விட்டுவிடு’ என்று அவளுக்குச் சொன்ன விடை எனக்கும் சேர்த்தே சொன்னதுதான். விசுவாசம் என்பதற்கு எனக்கு இன்று தெரிந்த பொருளும் அதுவே. தீர்ப்பை நம் கையில் வைத்துக் கொள்ளாமல், நல்லவரான ஒருவரின் கையில் விட்டுவிடுதல். அப்படி விட்டுவிட்ட பிறகு, நம் கைகள் இரண்டும் ஓய்வாகின்றன. அடுத்த வீட்டில் காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாம்.

சிந்திப்போம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியை